ஒன்பதாம் நம்பர் படகும் அத்தானின் தொண்டையும்

எங்கள் அத்தானுக்குத் தொண்டை ஒன்றுதான் சொத்து. அதை அவர் பார்த்துக்கொண்ட அழகில் கால் பங்கு என் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தால், நான் இதையெல்லாம் சொல்ல உட்கார்ந்திருக்க மாட்டேன். எனக்கென்ன வேறு வேலை இல்லையா?

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். ஏரிப் படகுத்துறையில் மைக் பிடிக்கிற உத்தியோகம். காட்டுக்கு நடுவே இருக்கிற ஏரி அது. மூன்று பக்கம் மரம், ஒரு பக்கம் நாங்கள். நாங்கள் என்றால் டிக்கெட் கவுண்டர், சோளம் சுடுகிற வண்டி, கூடாரம் வாடகைக்கு விடுகிற கொட்டகை, எப்போதும் பூட்டியிருக்கிற கழிப்பறை, அப்புறம் படகுத்துறை. அமைதியைத் தேடி நகரத்து ஜனமெல்லாம் வாராவாரம் இங்கே வருகிறது. வரும்போது மறக்காமல் ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு வருகிறது. இயற்கையோடு ஒன்றிப்போக வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கிற முதல் கேள்வி, "இங்க டவர் எடுக்குமா?" என்பதுதான். எடுக்காது என்று சொன்னால் முகத்தில் ஈயாடாது. இவர்களுக்கு நடுவில் பறவை பார்க்க வந்த ஒருவர் கழுத்தில் பைனாகுலரோடு எல்லோரையும் முறைத்துக்கொண்டு நிற்பார். ஒரு பறவையும் அவர் இருக்கிற திசைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

என் வேலை, படகேற வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது. படகு திரும்பி வந்தால் கொக்கிக் கழியால் இழுத்துத் துறையோடு சேர்த்து நிறுத்துவது. ஜாக்கெட் எல்லாம் ஒரே அளவு. ஒல்லியானவருக்கு அது அங்கி, குண்டானவருக்கு அது மாலை. எல்லாம் எந்நேரமும் ஈரம். "என்னங்க இது, இப்படி நாறுது?" என்பார்கள். "தண்ணில விழுந்துட்டா நாத்தம் தெரியாதுங்க" என்று ஆறுதல் சொல்லுவேன். அதற்குப் பிறகு பெரும்பாலும் பேச்சு இருக்காது.

எல்லாம் இருவர் உட்கார்ந்து மிதிக்கிற பெடல் படகுகள். பக்கவாட்டில் கொட்டையெழுத்தில் நம்பர். டிக்கெட்டுக்கு அரை மணி நேரம். அரை மணி ஆனதும் ஒருத்தரும் தானாகக் கரைக்கு வரமாட்டார்கள். நேரம் முடிகிற சமயம் பார்த்து எல்லோருக்கும் காது அடைத்துப்போகும். சிலர் அந்தப் பக்கத்து வளைவில், மரங்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள். நல்ல படித்த, குடும்பஸ்தர்கள்தான். அவர்களை வெளியே வரவழைப்பதுதான் அத்தான் வேலை. துறையின் நுனியில் உயரமான முக்காலி போட்டு உட்கார்ந்து, மைக்கை வாயருகே கொண்டுபோய், "மூணாம் நம்பர் போட், உங்க நேரம் முடிஞ்சது, கரைக்கு வாங்க" என்பார். அவ்வளவுதான். வந்துவிடுவார்கள்.

நான் கரடியாகக் கத்தினாலும் வரமாட்டார்கள், அது வேறு விஷயம். அத்தான் கத்துவதே இல்லை. ஏரிக்கு அந்தக் கரையில் இருப்பவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும். ஒரு அம்மாள் இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு" என்றாள். படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்தவர் அப்படியெல்லாம் உருகுகிற ஆளில்லை. "போய் இழுத்துட்டு வர்ற இன்ஜின் போட்டுக்கு டீசல் ஊத்தணும். இவர் தொண்டைக்கு வெந்நீர் ஊத்தினா போதும்" என்பார். அத்தான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் குரலில் விழுந்தவள்தான் என் அக்காவும். அத்தான் இளவயதில் பஸ் நிலையத்தில் ஊர் பேரைக் கூவி ஆள் ஏற்றுகிற வேலை பார்த்தார். அக்கா தையல் கடைக்கு வேலைக்குப் போக தினமும் அங்கேதான் பஸ் ஏறுவாள். அவள் தலை தெரிந்ததும் இவர் ஊர் பேரை விட்டுவிட்டு, "ஜன்னல் சீட்டு ஒண்ணு இருக்கு, ஜன்னல் சீட்டு" என்று ஆரம்பித்துவிடுவார். யார் ஏறப் போனாலும் கையை நீட்டி மறிப்பார். அக்கா ஏறி உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழி. இப்படியே கொஞ்ச காலம் ஓடி, கடைசியில் கல்யாணத்தில் போய் நின்றது. வீட்டில் கேட்டதற்கு, "அந்தக் குரலுக்கு ஆயுசு பூரா காது குடுக்கலாம்" என்றாள் அக்கா. அடேயப்பா, என்ன வசனம். நானும் சின்ன வயது, வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

கல்யாணமான கையோடு அத்தானுக்கு ஏரியில் வேலை கிடைத்தது. துறைக்கு மேலே மேட்டில் வீடும் கொடுத்தார்கள். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுக்கத் தெரியும். சொன்ன சொல் தவறாமல் அக்காவுக்கு ஜன்னல் சீட்டே கிடைத்துவிட்டது.

இனிமேல்தான் தொண்டைக் கதை. ஏரியில் சேர்ந்த புதிதில் ஒரு முறை அத்தானுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குத்தகைக்காரர் வந்து பார்த்துவிட்டு, "உங்களுக்குச் சம்பளமே இதுக்குத்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அத்தான் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து கொளுத்துகிற வெயிலிலும் கழுத்தில் மஃப்ளர். கையில் வெந்நீர் ஃபிளாஸ்க். ஐஸ் கிடையாது, எண்ணெயில் பொரித்தது கிடையாது, சத்தமாகச் சிரிப்பது கிடையாது. மாலையில் மைக்கை உறையில் போட்டுப் பூட்டுகிறபோது வாயையும் சேர்த்துப் பூட்டிக்கொள்வார். வீட்டுக்குப் போனால் பேச்சே இல்லை. தொண்டைக்கு ரெஸ்ட்.

எல்லாம் சைகைதான். ஒரு விரல் என்றால் தண்ணீர். இரண்டு விரல் என்றால் சாப்பாடு. உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அதிகம் தூக்கப்பட்டது அந்த உள்ளங்கைதான். அவர்கள் மகள் குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் ஜன்னலில் நின்றுகொண்டு, "அம்மா, ஏரியில பேசுறாரே, அவர் யாரு?" என்று கேட்டது. "உங்கப்பாடி" என்று அக்கா சொன்னாள். குழந்தை நம்பவே இல்லை.

கெட்டவர் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும். குடிக்க மாட்டார், கை ஓங்க மாட்டார், சம்பளத்தைக் கவரோடு கொண்டுவந்து வைப்பார். பேச மாட்டார், அவ்வளவுதான். பகல் முழுக்க அக்கா சமையலறையில் நின்று அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "ஏழாம் நம்பர் அம்மா, பாத்து இறங்குங்க, பலகை வழுக்கும்." "ரெண்டாம் நம்பர், ரெண்டு பேரும் சமமா மிதிங்க, சண்டை போடாதீங்க." எவளோ ஒருத்தி வழுக்கி விழக்கூடாது என்று எவ்வளவு அக்கறை, எவ்வளவு மரியாதை. சாயங்காலம் அந்தக் குரல் படியேறி வீட்டுக்கு வந்ததும் ஊமைக் கோட்டானாகி உட்கார்ந்துவிடும். அக்கா கரண்டியோடும் குக்கரோடும் பேச ஆரம்பித்தாள். குக்கராவது பதிலுக்கு விசிலடிக்கும்.

அக்காவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஒரு தடவை படகில் ஏறி அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். பெரிய ஆசைதான், கோட்டை கொத்தளம் கேட்கவில்லை. ஆனால் அத்தானுக்குத் தண்ணீர் ஆகாது. படகில் கால் வைத்தால் தலை சுற்றும், கை நடுங்கும். ஊருக்கே மிதிக்கச் சொல்லிக் கொடுக்கிறவர் ஒரு நாளும் படகேறியதில்லை. அது யாருக்கும் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஏரி மீன் உட்பட எல்லோருக்கும் தெரியும். அக்கா கேட்கிறபோதெல்லாம், "நான் ஏறிட்டா மைக்க யார் பிடிப்பா?" என்று முகத்தை வைத்துக்கொள்வார். பிறகு உள்ளங்கையைத் தூக்குவார்.

மகள் கல்யாணமாகி நகரத்துக்குப் போய்விட்டாள். போனில் கூப்பிட்டு, "இங்க வந்துடும்மா, பேத்தி வாய் ஓயாம பேசுறா" என்பாள். அக்கா பிடி கொடுக்காமல் இருந்தாள். போன மாதம் வீட்டுப் பின்பக்கம் பாசியில் கால் வழுக்கி விழுந்தாள். சத்தம் கேட்டு அத்தான் ஓடிவந்தார். தூக்கினார், உட்கார வைத்தார், வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தார், கட்டுப் போட்டார். ஒரு நர்ஸ்கூட அப்படிச் செய்ய மாட்டாள். மறுநாள் நான் பார்க்கப் போனபோது அக்கா காலைக் காட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"விழுந்தது வலிக்கலடா. என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல. புருவத்தத் தூக்கினார்."

அவளே சொன்னாள். "திங்கக்கிழமை உன் மருமக கார் எடுத்துட்டு வரா. நான் அங்கயே போயிடறேன். திரும்பி வர்ற எண்ணம் இல்ல."

நான் நேராகத் துறைக்குப் போனேன். "அத்தான், அக்கா இந்தத் தடவை போனா வரமாட்டா. வெளையாட்டில்ல" என்றேன். அவர் மைக்கைக் கீழே வைத்தார், மஃப்ளரைத் தளர்த்தினார், ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நானும் காத்திருந்தேன். "சீசன் முடியட்டும்" என்றார். இரண்டே வார்த்தை. சீசன் முடிகிறவரை பொறுத்திருக்கும்படி அவருடைய மகளிடமும் காரிடமும் யார் சொல்வது என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட்டம் என்றால் அப்படியொரு கூட்டம். காட்டு நடைக்கு வந்தவர்கள் காட்டுக்குள் ஐந்து நிமிஷம் நடந்துவிட்டு, கால் வலிக்கிறது என்று படகுக்கு வந்து நின்றார்கள். கூடாரத்தில் தங்கியவர்கள் எறும்பு கடித்த கதையை வரிசையில் நின்று எல்லோருக்கும் சொன்னார்கள். நான் குனிந்து ஒருத்தருக்கு ஜாக்கெட் கொக்கி மாட்டிவிட்டு நிமிர்ந்தால், அடுத்தது அக்கா. வெளியூர் போகும்போது மட்டும் போர்த்துகிற பச்சைச் சால்வை. காலில் கட்டு இல்லை, கையில் டிக்கெட்.

"என்னக்கா இது? நீ எதுக்கு டிக்கெட் வாங்கினே? சொன்னா நான் ஏத்தி விட மாட்டேனா?"

"வரிசையில நின்னு வாங்கினேன். ஏத்தி விடு."

"தனியாவா போறே?"

"வேற யார் வரா?"

தனி ஆளை ஏற்றுவதில் எங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. இரண்டு சீட்டுப் படகில் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வட்டம் போடும். அதற்காகவே ஒரு மணல் மூட்டை வைத்திருக்கிறோம். தனியாக வருகிறவருக்குப் பக்கத்து சீட்டில் அதைத் தூக்கி வைப்போம். அதற்கு மாப்பிள்ளை என்று பெயர். நான் வைத்த பெயர்தான், கொஞ்சம் பெருமைதான். சீட்டில் எது உட்கார்ந்தாலும் ஜாக்கெட் போட்டிருக்க வேண்டும் என்பது குத்தகைக்காரர் சட்டம். ஆகவே மாப்பிள்ளைக்கும் ஒரு ஜாக்கெட். மழையில் நனையாமல் இருக்கத் தலையில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டில் திட்டு வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரியே இருக்கும். தனியாக வருகிறவர் அபூர்வம் என்பதால் மாப்பிள்ளை பெரும்பாலும் கொட்டகையில்தான் கிடப்பார்.

மூட்டையைத் தூக்கி வைத்தேன். அக்கா அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. "இது எத்தனாம் நம்பர் போட்?" என்றாள்.

"ஒன்பது."

"நேரம் முடிஞ்சா கூப்பிடுவார்ல?"

"கூப்பிடாம? அதுதானே அவர் வேலை."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு மிதிக்க ஆரம்பித்தாள்.

என் மரமண்டைக்கு அப்போதும் ஏறவில்லை. கடைசியாக ஒரு தடவை வளைவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா வளைவுக்குப் போகவில்லை. ஏரி நடுவில் போய் நின்றுவிட்டாள். காலை எடுத்துவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, துறையைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை.

அரை மணி முடிந்தது. அத்தான் மைக்கை எடுத்தார். "ஒன்பதாம் நம்பர் போட், உங்க நேரம் முடிஞ்சது, கரைக்கு வாங்க." தேன் ஊற்றின மாதிரி. படகு அசையவில்லை. அத்தானுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும், முகத்துக்கு வராது. போட்டால் வயசாகிவிடுமாம். அவருக்கு முகங்கள் எதற்கு, நம்பர் தெரிந்தால் போதாதா?

"ஒன்பதாம் நம்பர் போட், அடுத்தவங்க காத்துட்டிருக்காங்க, தயவுசெஞ்சு கரைக்கு வாங்க." அசையவில்லை. "ஒன்பதாம் நம்பர்ல இருக்கிற அம்மா, உங்களைத்தான் கூப்பிடுறேன். பயப்படாதீங்க. மெதுவா மிதிச்சு வாங்க. எதாவது பிரச்சினைன்னா கைய அசைங்க, ஆள் அனுப்புறோம்." அக்கா கையை அசைக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் கையிலிருந்த கழியைக் கீழே போட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அவர் இவ்வளவு பேசியதே இல்லை. அதற்கு அவள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க வேண்டியிருந்தது.

சொல்லிவிடலாம் என்று துறை நுனிக்கு ஓடினேன். அதற்குள் அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் குரலுக்கு ஒரு படகு திரும்பாதது அவர் சரித்திரத்திலேயே முதல் முறை. கண்ணை இடுக்கிக்கொண்டு, இந்த முறை மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துல உக்காந்திருக்கிற சார், உங்களத்தான். அந்தம்மாவுக்குத்தான் காது கேக்கல, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? கூட வந்துட்டு இப்படி வாயத் தொறக்காம உக்காந்திருந்தா என்ன சார் அர்த்தம்? ஒரு வார்த்தை பேசினா கொறஞ்சா போயிடுவீங்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சோள வண்டிக்காரர் விசிறியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தானின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"அத்தான், அந்த சார் மணல் மூட்டை."

"மாப்பிள்ளையா? அப்ப அந்தம்மா யாரு?"

"அக்கா."

அவர் விரல் மைக் பொத்தானை விடவே இல்லை. நான் சொன்னது ஏரி முழுக்கக் கேட்டது. அந்தக் கரை மரங்களில் பட்டு இன்னொரு தரம் 'அக்கா' என்று வேறு திரும்பி வந்தது. சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அத்தான் பொத்தானை விட்டுப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எதுக்குடா நடுவுல போய் நிக்கறா? படகு ரிப்பேரா?"

"படகு நல்லாத்தான் இருக்கு. அவ டிக்கெட் வாங்கினது படகுக்கு இல்ல அத்தான், நீங்க கூப்பிடறதுக்கு. நாளைக்குப் போறா. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை கேட்டுட்டுப் போகலாம்னு வந்திருக்கா. கூப்பிடுங்க."

மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை. நம்பர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். அம்மா என்று ஊரைக் கூப்பிடத் தெரியும். பெண்டாட்டியை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அந்த மகா வித்துவானுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் மைக்கை முக்காலியில் வைத்துவிட்டு மஃப்ளரைக் கழற்றினார்.

"எனக்கு ஒரு ஜாக்கெட் குடு."

நான் பயந்துபோனேன். "நானும் கூட வரேன்" என்றேன். "வேணாம்" என்றார். நாலாம் நம்பர் படகில் கால் வைத்தபோதே முகம் வெளுத்துவிட்டது. அவருக்கு வைக்க இன்னொரு மாப்பிள்ளையும் எங்களிடம் இல்லை. இருந்த ஒருவர்தான் அக்காவோடு போயிருக்கிறாரே. படகு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு வட்டம் போட ஆரம்பித்தது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டு மிதிக்கிறார் மனிதர். வரிசையிலிருந்து எவனோ ஒரு புண்ணியவான், "சார், ரெண்டு காலையும் சமமா மிதிங்க" என்று அவர் பாடத்தையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் ஜாக்கெட் கொக்கியை அவிழ்த்துவிடலாமா என்றிருந்தது.

வட்டம் போட்டுக்கொண்டே எப்படியோ துறையை விட்டுப் பாதி தூரம் போய்விட்டார். அதற்கு மேல் முடியவில்லை. காலை எடுத்துவிட்டுப் படகு விளிம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அதுவரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மிதிக்க ஆரம்பித்தாள். வேகமாக மிதித்து வந்து, படகோடு படகை ஒட்டி நிறுத்தினாள். ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். உடனே அக்கா திரும்பி, மாப்பிள்ளையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். தொபீரென்று ஏரிக்குள் போனார் மாப்பிள்ளை. போனவர் போனவர்தான். போட்டிருந்த ஜாக்கெட்டோடு நேராக அடிக்குப் போய்விட்டார். எங்கள் ஜாக்கெட்டின் லட்சணம் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. வரிசையில் நின்றவர்கள் தங்கள் மார்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் பின் ஒருத்தராக விலகினார்கள்.

காலியான சீட்டுக்கு அத்தான் தவழ்ந்து மாறினார். உட்கார்ந்ததும் இரண்டு கையாலும் படகைப் பிடித்துக்கொண்டார். அதில்தான் விஷயமே இருக்கிறது. கை இரண்டும் மாட்டிக்கொண்டது. விரலைக் காட்ட முடியாது, உள்ளங்கையைத் தூக்க முடியாது. அக்கா என்னவோ கேட்டாள். அவர் வாயைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தார். அவர் வாய் அசைவது கரையிலிருந்து தெரிந்தது, என்ன சொன்னார் என்பது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. ஏரியில் அவர் பேசி ஊருக்குக் கேட்காத பேச்சு அது ஒன்றுதான். அக்கா மிதித்தாள். படகு சாயாமல் நேராகப் போனது. வளைவைத் தாண்டி, மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது.

குத்தகைக்காரர் கவுண்டரிலிருந்து ஓடிவந்தார். "என்னய்யா நடக்குது? ஒரு படகு அநாதையா மிதக்குது, ஒரு படகக் காணோம், மூட்டை எங்க? கூப்பிடு அந்த ஒன்பதாம் நம்பர" என்று என் மேல் விழுந்தார். மைக்கை எடுத்தேன். பொத்தானை அழுத்தினேன்.

"ஒன்பதாம் நம்பர் போட், உங்களுக்கு நேரம் இருக்கு. மெதுவா வாங்க."

குத்தகைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். காட்டுப்பக்கம் ஈரக்காற்று அடித்ததால் பிழைத்தேன்.

வெயில் இறங்கிய பிறகுதான் திரும்பினார்கள். கொக்கி போட்டு இழுத்தேன். அத்தான் முதலில் இறங்கினார். முகம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது. திரும்பி அக்காவுக்குக் கை கொடுத்தார்.

"பாத்து இறங்கு. பலகை வழுக்கும்."

மைக் இல்லாமல்தான் சொன்னார். அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பி சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் தெறித்துவிட்டதாம்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி கட்டியபடியே வாசலில் இருக்கிறது. அக்கா ஒன்றும் பிடி கொடுக்கவில்லை. "அவ வரட்டும் பாக்கலாம்" என்றாள். ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டால் இத்தனை வருஷக் கணக்கு நேராகிவிடுமா என்ன? அத்தான் வழக்கம்போலத் துறைக்கு வந்தார். முக்காலியில் உட்கார்ந்தார். இரண்டு படகைக் கூப்பிட்டார். கண்ணாடி முகத்திலேயே இருந்தது. ஆனால் பார்வை ஏரியில் இல்லை, மேட்டு வீட்டு ஜன்னலில் இருந்தது. அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"வளைவுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா நம்ம ஜன்னல் தெரியுதுடா" என்றார் திடீரென்று.

"தெரியும் அத்தான்."

"நேத்து அதுல யாருமே இல்ல. அவ என் பக்கத்துல உக்காந்திருக்கா, தெரியுது. இருந்தாலும் காலி ஜன்னலப் பாத்ததும் எனக்கு உயிரே போயிடுச்சு." குரல் கரகரத்தது. ஃபிளாஸ்கை எடுக்கப்போகிறார் என்று பார்த்தேன், எடுக்கவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி மைக்கை என் கையில் வைத்தார்.

"நீ கூப்பிடு மச்சான். என் தொண்டையக் கொஞ்சம் மிச்சம் வெக்கணும். வீட்டுல பேசணும்."

வேலை நேரத்தில், குத்தகைக்காரர் பார்க்கப் பார்க்க, படியேறிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் அக்காவைக் காணோம்.

மகளின் கார் வந்ததைப் பார்த்தேன். மேட்டில் ரொம்ப நேரம் நின்றது. மத்தியானத்துக்கு மேல் இறங்கி ஏரிப் பாதை வழியாகத் திரும்பிப் போனது. கையில் கொக்கிக் கழியோடு பாதை ஓரத்துக்கே ஓடிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். மகள் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை அசைத்தாள். பக்கத்து சீட்டிலும் பின் சீட்டிலும் யாரும் இல்லை, பெட்டியும் இல்லை.

அன்று சாயங்காலம் வரை மைக் என் கையில்தான் இருந்தது. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டேன். ஒருத்தரும் கரைக்கு வரவில்லை.